வேலிக்குள் நட்ட கோபுரம்: வடகொரியாவின் கொரியோலிங்க் குறித்த நிகழ்வு ஆய்வு

2008 டிசம்பர் 15 அன்று வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கில் கொரியோலிங்க் என்ற செல்பேசிச் சேவை தொடங்கப்பட்டது. எகிப்தின் ஒராஸ்கோம் டெலிகாம் நிறுவனத்துக்கு அதில் 75 சதவீதப் பங்கு. மீதி 25 சதவீதம் வடகொரிய அரசின் அஞ்சல், தொலைத்தொடர்புக் கழகத்துக்கு. பக்கத்து மாகாணத்துக்குப் போகவே அனுமதிச் சீட்டு கேட்கும் நாடு அது. வானொலிப் பெட்டியை அரசு அலைவரிசையில் நிறுத்தி, வேறு பக்கம் திருப்ப முடியாதபடி முத்திரை வைக்கும் நாடு. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் செல்பேசியை அது தடை செய்திருந்தது. அப்படிப்பட்ட அரசு மக்கள் கையில் செல்பேசியைத் தானே முன்வந்து ஏன் கொடுத்தது? நான்கரை ஆண்டுகளில் இருபது லட்சம் சந்தாதாரர்களைச் சேர்த்த ஒராஸ்கோம், 2015இல் அந்தச் சேவை தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று கணக்கில் எழுத நேர்ந்தது ஏன்?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்பது என் முடிவு. செல்பேசி நுழைந்தால் மூடிய நாடு தானாகத் திறந்துவிடும் என்று வெளியுலகில் பலர் நம்பினார்கள். முதலில் வேலியைப் போட்டுவிட்டு அதற்குள் செல்பேசிக் கோபுரத்தை நட்டால் எதுவும் திறக்காது, வருமானமும் வரும் என்பதை பியோங்யாங் கண்டுகொண்டது. அந்த வேலி குடிமக்களையும் முதலீட்டாளரையும் ஒரே மாதிரி உள்ளே வைத்துப் பூட்டியது. ஆனால் அந்த வேலிக்குள் இருந்தபடியே மக்கள் தங்களுக்கென்று ஒரு பயனைத் தேடிக்கொண்டார்கள். இந்த வரலாற்றில் என் மனத்தில் நிற்பது அதுதான்.

முதல் முயற்சியும் ரியோங்சோன் வெடிப்பும்

வடகொரியாவுக்கு முதலில் செல்பேசி கொண்டுவந்தவர்கள் எகிப்தியர்கள் அல்லர். தாய்லாந்தின் லாக்ஸ்லி பசிபிக் நிறுவனம் 1990களின் நடுவிலேயே நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள ராஜின்-சோன்போங் பொருளாதார மண்டலத்தில் தொலைத்தொடர்பு உரிமம் பெற்றிருந்தது. அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியாக 2002 நவம்பரில் பியோங்யாங்கிலும் ராஜின்-சோன்போங்கிலும் ஜிஎஸ்எம் வகைச் செல்பேசிச் சேவை வந்தது. அடுத்த ஆண்டு இறுதிக்குள் சுமார் 20,000 பேர் இணைந்திருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. கட்சி அதிகாரிகள், வர்த்தக நிறுவனங்களின் பொறுப்பாளர்கள், கையில் வெளிநாட்டுப் பணம் புரண்டவர்கள் ஆகியோர்தாம் அவர்கள்.

2004 ஏப்ரல் 22 அன்று சீன எல்லைக்கு அருகிலுள்ள ரியோங்சோன் ரயில் நிலையத்தில் பெரும் வெடிப்பு ஏற்பட்டது. 150க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிக் குழந்தைகள். அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய பெட்டிகள் மின்கம்பியில் உரசி வெடித்ததாக அரசு அறிவித்தது. சீனப் பயணம் முடித்துத் திரும்பிய நாட்டின் அப்போதைய தலைவர் கிம் ஜோங்-இல்லின் சிறப்பு ரயில் சில மணி நேரத்துக்கு முன்புதான் அந்த நிலையத்தைக் கடந்து போயிருந்தது. செல்பேசியைக் கொண்டு இயக்கிய குண்டு என்ற பேச்சு உடனே கிளம்பியது. அது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் மே மாத இறுதிக்குள் செல்பேசிகள் தடை செய்யப்பட்டன. பெரும் தொகை கொடுத்து வாங்கிய கருவிகளை மக்கள் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

குண்டுப் பேச்சை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் தடைக்குப் போதுமான காரணம் அந்த நாட்களில் இருந்தது. விபத்துச் செய்தி அன்றைக்கே எல்லை தாண்டித் தென்கொரிய ஊடகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அரசுச் செய்தி நிறுவனம் வாய் திறந்ததோ இரண்டு நாள் கழித்து. தலைவரின் ரயில் எந்த நேரத்தில் எந்த நிலையத்தைக் கடக்கிறது என்பதை மறைப்பதையே தலையாய கடமையாகக் கொண்ட ஒரு பாதுகாப்பு அமைப்புக்கு, தான் ஒட்டுக்கேட்க முடியாத ஒரு நெட்வொர்க் ஆபத்தாகத்தான் தெரிந்திருக்கும். தாய்லாந்து நிறுவனம் கொண்டுவந்தது எங்கும் கிடைக்கும் சாதாரண ஜிஎஸ்எம் சேவை. அடுத்த முறை அப்படி எதையும் அரசு அனுமதிக்கவில்லை.

மூன்று வாசல்கள்

தடை நான்கு ஆண்டுகள் நீடித்தது. இதற்கிடையே நாட்டுக்குள் வாழ்க்கை மாறிக்கொண்டிருந்தது. 1990களின் பஞ்சத்தில் அரசின் ரேஷன் முறை குலைந்தபோது மக்கள் தங்கள் கைப்பொருளை விற்று உயிர் பிழைத்தார்கள். அந்த நடைபாதை வியாபாரம் சில ஆண்டுகளில் கூரை போட்ட சந்தைகளாக வளர்ந்தது. டோன்ஜு என்று அழைக்கப்படும் பணக்கார வியாபாரிகள் உருவானார்கள். அவர்கள் கையில் டாலரும் யுவானும் யூரோவும் இருந்தன. அரசுக்கோ அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை. அந்தப் பணத்தை வெளியே இழுக்கச் செல்பேசியைவிட நல்ல பண்டம் கிடைப்பது அரிது.

வாங்கிக் கொடுக்க ஆள் வந்தார். ஒராஸ்கோமின் தலைவர் நஜீப் சவிரிஸ் பிறர் நெருங்கத் தயங்கும் நாடுகளில் நெட்வொர்க் போட்டே வளர்ந்தவர். அல்ஜீரியா, பாகிஸ்தான், வங்கதேசம், போர் நடந்துகொண்டிருந்த ஈராக் என அவர் நிறுவனத்தின் வரைபடம் நீண்டது. 2008 ஜனவரியில் 25 ஆண்டு உரிமமும், அதில் முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஏகபோக உரிமையும் அவருக்குக் கிடைத்தன. பதிலுக்கு மூன்று ஆண்டுகளில் 40 கோடி டாலர் வரை முதலீடு செய்ய ஒராஸ்கோம் ஒப்புக்கொண்டது. 1992 முதல் வெற்றுக் கான்கிரீட் எலும்புக்கூடாக நின்ற 105 மாடி ரியுக்யோங் ஓட்டலுக்குக் கண்ணாடிச் சுவர் பொருத்தும் வேலையையும் அந்த எகிப்தியக் குழுமமே ஏற்றது. 2011 ஜனவரியில் சவிரிஸை கிம் ஜோங்-இல் நேரில் சந்தித்தார். வெளிநாட்டுத் தொழிலதிபர் எவருக்கும் எளிதில் கிடைக்காத மரியாதை அது.

தொழில்நுட்பத்தில் கொரியோலிங்க் பின்தங்கியதாக இருக்கவில்லை. தொடங்கும்போதே அது 3ஜி. 2011இல் 453 கோபுரங்கள் நாட்டின் நிலப்பரப்பில் 14 சதவீதத்தையும் மக்கள்தொகையில் 94 சதவீதத்தையும் எட்டுவதாக நிறுவனம் அறிவித்தது. மலைகளை விட்டுவிட்டு நகரங்களையும் நெடுஞ்சாலைகளையும் பிடித்தால் இந்தக் கணக்கு வரும்.

வேறுபாடு நெட்வொர்க்கின் உள்ளமைப்பில் இருந்தது. ஒரே கட்டடத்தில் தனித்தனி வாசலோடு மூன்று குடித்தனம் வைப்பதுபோல அதை வகுத்தார்கள். சாதாரணக் குடிமகனின் சிம் கார்டு உள்நாட்டு எண்களை மட்டும் அழைக்கும். அதிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது, உலக இணையமும் கிடையாது. தூதரகங்களிலும் உதவி அமைப்புகளிலும் இருந்த வெளிநாட்டவரின் சிம் வெளிநாட்டை அழைக்கும், மற்ற வெளிநாட்டவரையும் அழைக்கும், ஆனால் தெருவில் எதிரே நடந்து வரும் பியோங்யாங்வாசியை அழைக்காது. மேல்மட்ட அதிகாரிகளுக்கு இவ்விரண்டிலிருந்தும் பிரிக்கப்பட்ட, தனி மறையாக்கம் கொண்ட மூன்றாவது பிரிவு.

2019 ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும், வடகொரியாவை ஆராயும் 38 நார்த் தளமும் இந்த நெட்வொர்க் கட்டப்பட்ட காலத்து ஆவணங்களை வெளியிட்டன. சீனாவின் ஹுவாவே நிறுவனம் பாண்டா இன்டர்நேஷனல் என்ற மற்றொரு சீன நிறுவனத்தோடு சேர்ந்து இதன் உருவாக்கத்திலும் பராமரிப்பிலும் பங்கேற்றது அவற்றிலிருந்து தெரிந்தது. ஒட்டுக்கேட்பு வசதி எப்படி இருக்க வேண்டும், தலைமைக்கு நெருக்கமானவர்களின் அழைப்புகளை எப்படிப் பாதுகாப்பது என்பதெல்லாம் முதல் கோபுரம் இயங்கும் முன்பே கூட்டத்தில் பேசி முடிக்கப்பட்டிருந்தது. எல்லா நாட்டு அரசுகளும் ஒட்டுக்கேட்க விரும்புகின்றன என்று இதைச் சாதாரணமாக்கிப் பேசுவோர் உண்டு. மற்ற நாடுகளில் பொதுவான ஒரு சேவை முதலில் வருகிறது. கண்காணிப்பு அதன்மேல் ஏறுகிறது. இங்கே கண்காணிப்புக்கு ஏற்றபடி சேவையே அளவெடுத்துத் தைக்கப்பட்டது. இந்த வரிசை மாற்றம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2013 ஜனவரி வரை, நாட்டுக்குள் வரும் வெளிநாட்டவர் விமான நிலையச் சுங்கத்தில் தங்கள் செல்பேசியைக் கொடுத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மாதம் விதி தளர்ந்தது. பிப்ரவரியில் வெளிநாட்டவருக்கு 3ஜி இணையமும் திறந்தது. பியோங்யாங் தெருவிலிருந்து செய்தியாளர்கள் புகைப்படங்களை நேரடியாகப் பகிர்ந்தார்கள். மார்ச் இறுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த வசதி நிறுத்தப்பட்டது. உள்நாட்டவரின் வாசல் இந்தக் காலம் முழுவதும் சிறிதும் அசையவில்லை.

இருநூறு நிமிடங்கள்

2009 இறுதியில் கொரியோலிங்குக்கு 91,000 சந்தாதாரர்கள், ஓராண்டில் 4,30,000, 2012 பிப்ரவரியில் பத்து லட்சம், 2013 மே மாதத்தில் இருபது லட்சம். மக்கள்தொகை சுமார் இரண்டரைக் கோடி. இந்த எண்களைச் சிலர் நாடு திறப்பதன் அடையாளமாக எடுத்துக்காட்டினார்கள். ஆனால் சந்தாதாரர் எண்ணிக்கை இந்த நெட்வொர்க்கைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. கட்டண அமைப்பைப் பார்த்தால்தான் அதன் உள்நோக்கம் புரியும்.

அடிப்படைத் திட்டத்தில் மூன்று மாதத்துக்குச் சுமார் 3,000 வடகொரிய வோன் கட்டினால் மாதம் 200 நிமிடப் பேச்சும் 20 குறுஞ்செய்திகளும் கிடைத்தன. அரசின் அதிகாரபூர்வ மாற்று விகிதத்தில் டாலருக்குச் சுமார் 100 வோன். ஆகவே ஒராஸ்கோமின் கணக்கில் ஒரு சந்தாதாரர் மூன்று மாதத்துக்கு 30 டாலர் தருபவர். சந்தையிலோ 2013 வாக்கில் ஒரு டாலர் 8,000 வோனுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு கிலோ அரிசி சுமார் 5,000 வோன். அதாவது உண்மையான விலைவாசியில் அந்த வாடிக்கையாளர் கட்டியது அரை டாலருக்கும் குறைவு; ஒரு கிலோ அரிசிக்கும் ஈடில்லாத பணம்.

பின் உண்மையான பணம் எங்கே போனது? கருவி வாங்குவதில் போனது. சீனாவில் தயாராகி உள்நாட்டுப் பெயர் ஒட்டப்பட்ட செல்பேசிகளை அரசு நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றது. 200 நிமிடம் தீர்ந்துவிட்டால் மேல்கொண்டு ரீசார்ஜ் செய்ய வெளிநாட்டுப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. யூரோவில் வாங்கும் தனித் தொகுப்புகளை ஒராஸ்கோமே தன் அறிக்கைகளில் குறிப்பிட்டிருக்கிறது. மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த டாலரைச் சோதனை போட்டுப் பறிப்பதைவிட, அதன் சொந்தக்காரரே கொண்டுவந்து கடையில் கொடுக்கும்படி செய்வது அரசுக்கு எவ்வளவோ எளிது.

அந்த 200 நிமிடங்களை மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வருகிறேன். தப்பி வந்தவர்கள் சொன்ன விவரங்கள் ஆய்வாளர்களால் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது வியாபாரம். செல்பேசிக்கு முன்பு சோங்ஜினில் இருக்கும் ஒரு வியாபாரி ஹேசானில் அரிசியும் துணியும் என்ன விலைக்குப் போகின்றன என்று அறிய வேண்டுமானால், பயண அனுமதிக்கு லஞ்சம் கொடுத்து, மின்சாரம் இல்லாமல் நடுவழியில் நாள்கணக்கில் நின்றுவிடும் ரயிலில் போய்த் திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் விலை மாறியிருக்கும். செல்பேசி வந்தபின் காலையில் ஓர் அழைப்பு போதும். இன்றைய யுவான் விலை என்ன, அரிசி விலை என்ன, பியோங்சோங் மொத்தச் சந்தையில் சரக்கு இறங்கியதா என்று கேட்டு முடித்துவிடலாம். சரக்கைத் தனியார் பஸ்ஸில் ஏற்றி, ஓட்டுநரின் எண்ணை அந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்லிவிட்டால் அவர் நிறுத்தத்தில் காத்திருந்து இறக்கிக்கொள்வார். பணம் ஊர்விட்டு ஊர் போக வேண்டியதில்லை. இங்குள்ள பணமாற்றுக்காரரிடம் கொடுத்தால் அங்குள்ள அவருடைய கூட்டாளி கொடுத்துவிடுவார். செல்பேசியில் மிஞ்சிய நிமிடங்களையே ஒருவர் எண்ணிலிருந்து இன்னொருவர் எண்ணுக்கு மாற்றிச் சிறு கடனைத் தீர்க்கும் வழக்கமும் உண்டாயிற்று.

வங்கிகள் மீது மக்கள் நம்பிக்கை இழந்த நாடு அது. 2009 நவம்பரில் ஒரே அறிவிப்பில் பழைய நோட்டுகளைச் செல்லாதவையாக்கி, ஒரு வரம்புக்குமேல் மாற்றவும் விடாமல் மக்களின் சேமிப்பை அரசு அழித்திருந்தது. அந்த அடியிலிருந்து எழுந்தவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொண்ட கடன், சரக்கு, நம்பிக்கை ஆகியவற்றின் வலையை இந்த 200 நிமிடங்கள்தாம் தாங்கின. பெரும்பாலும் பெண்கள் நடத்திய வியாபாரம் இது. ஆண்கள் சம்பளம் இல்லாத அரசு வேலைக்குக் கட்டாயமாகப் போய்க்கொண்டிருந்தபோது வீட்டைக் காப்பாற்றியவர்கள் சந்தையில் உட்கார்ந்த மனைவிகளும் தாய்களும்தாம். மின்சாரம் இல்லாத வீடுகளில் சீனச் சூரியத் தகடுகளை ஜன்னலில் வைத்துச் செல்பேசியைச் சார்ஜ் செய்தார்கள். தலைநகர அறிக்கைகள் பேசும் நவீன மயமாக்கத்தைவிட அந்த ஜன்னல் தகடு எனக்கு மதிப்பு மிக்கதாகத் தோன்றுகிறது.

ஒட்டுக்கேட்கப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பலர் பிறர் பெயரில் இன்னொரு எண் வாங்கினார்கள், சரக்குகளுக்கு மாற்றுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அரசுக்கு எதிராக ஒரு சொல்லும் அந்த அழைப்புகளில் வருவதில்லை. அரசும் அரிசி விலையைப் பேசுபவர்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தது; ரீசார்ஜ் பணம் அவர்களிடமிருந்துதானே வருகிறது.

கருவிக்குள் ஒரு காவல்

நெட்வொர்க்குக்கு வேலி போட்டது முதல் சில ஆண்டுகளின் வேலை. அதன்பின் அரசின் கவனம் கருவிக்குள் திரும்பியது. காரணம் எளிது: அழைப்பை ஒட்டுக்கேட்கலாம், ஆனால் ஒரு மெமரி கார்டில் தென்கொரிய நாடகத்தை ஏற்றிக் கைமாற்றினால் அது எந்தக் கோபுரத்தையும் தொடுவதில்லை. 2013இல் அரிராங் என்ற ஸ்மார்ட்போனை உள்நாட்டுத் தயாரிப்பாக அரசு அறிமுகம் செய்தது. பியோங்யாங், ஜிந்தால்லே முதலான வரிசைகள் தொடர்ந்தன. வெளித்தோற்றத்தில் இவை நாம் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு செல்பேசிகள் போலவே இருக்கும்.

உள்ளே இருப்பதை ஃப்ளோரியன் குருனோவ், நிக்லாஸ் ஷீஸ் முதலான ஜெர்மானிய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். 2016 டிசம்பரில் ஹாம்பர்கில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் என்ற ஹேக்கர் மாநாட்டில் அவர்கள் விளக்கியது உல்லிம் என்ற வடகொரிய டேப்லெட். சீனாவில் தயாரான வன்பொருள். ஆண்ட்ராய்டை எடுத்து மாற்றியமைத்த மென்பொருள். அதில் ஒரு கோப்பு திறக்க வேண்டுமானால் இரண்டு மின்கையொப்பங்களில் ஒன்று இருந்தாக வேண்டும். ஒன்று அரசு போட்டது. மற்றது அந்தக் கருவியே தான் எடுத்த படத்துக்கும் தான் எழுதிய ஆவணத்துக்கும் போட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தன் கருவியில் எடுத்த புகைப்படத்தை நீங்கள் மெமரி கார்டில் வாங்கி வந்தாலும் உங்கள் கருவி அதைத் திறக்காது. தென்கொரிய நாடகத்தை மட்டும் தடுப்பதற்கு இவ்வளவு தேவையில்லை. அரசின் வழியே வராமல் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு எதையும் கொடுக்க முடியாதபடி செய்வதே இதன் இலக்கு.

அதே கருவியில் ட்ரேஸ்வியூவர் என்ற செயலி இருந்தது. பயனர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை அது இடையிடையே திரையைப் படம் பிடித்துச் சேமிக்கிறது. அந்தப் படங்கள் ஒளித்து வைக்கப்படவில்லை. செயலியைத் திறந்தால் வரிசையாகப் பார்க்கலாம்: காலையில் திறந்த அகராதி, மதியம் ஆடிய விளையாட்டு, இரவு படித்த பக்கம். அழிக்க மட்டும் வழியில்லை. சோதனைக்கு வரும் அதிகாரிக்கு எந்தக் கருவியும் தேவையில்லை; விரலால் தள்ளிப் பார்த்தால் போதும். ஒவ்வொரு படமும் பயனருக்கு நினைவூட்டலாகவும் வேலை செய்கிறது. இதை வடிவமைத்தவர்கள் மனித பயத்தை நன்றாக அறிந்தவர்கள்.

பின்னாளில் அந்த மறைக்காத தன்மையும் போயிற்று. 2024 இறுதியில் நாட்டிலிருந்து கடத்தி வரப்பட்ட ஒரு ஸ்மார்ட்போனை 2025இல் பிபிசி ஆராய்ந்து காட்டியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து, பயனரால் திறக்க முடியாத இடத்தில் அது சேமித்தது. தென்கொரியாவின் பெயரைத் தட்டினால் அதை அழித்துவிட்டு வசைப்பெயரை எழுதிக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவே பூட்டை உடைப்பவர்களும் இருந்தார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பேட்டி கொடுத்த, நாட்டைவிட்டு வெளியேறிய இருவர், தங்கள் செல்பேசியின் காவல் மென்பொருளைக் கடந்து சென்ற விதத்தை விளக்கினார்கள். கணினியோடு கேபிளால் இணைத்து, ஆண்ட்ராய்டின் பழக்கமான பின்வாசல் வழியாகப் போயிருக்கிறார்கள். அரசின் மென்பொருள் வேலைக்காகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டு அங்கே கற்றுக்கொண்ட அறிவு அது. அரசும் பதிலுக்கு அந்தக் கேபிள் வழியை அடைத்தது.

பூட்டிய பணம்

எகிப்தியர்களின் கதைக்குத் திரும்புவோம். தொடக்க ஆண்டுகளில் கொரியோலிங்கின் இயக்க லாபம் வருவாயில் 80 சதவீதத்தைத் தாண்டியதாக ஒராஸ்கோமின் அறிக்கைகள் காட்டின. உலகில் எந்தச் செல்பேசி நிறுவனமும் கனவு காணும் விகிதம் அது. ஆனால் மேலே சொன்ன மாற்று விகிதத்தை நினைவில் வைத்துப் பார்த்தால் அதன் உட்பொருள் தெரியும். வருமானம் வோனில் வந்தது. அதை அறிக்கையில் டாலராக எழுதியது 100க்கு ஒன்று என்ற விகிதத்தில்.

2014 இறுதிவாக்கில் பியோங்யாங் கணக்கில் 50 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது, அதிகாரபூர்வ விகிதத்தில். சந்தை விகிதத்தில் அதே வோன் குவியலை மாற்றினால் ஒரு கோடி டாலர்கூடத் தேறாது. அதையும் வெளியே எடுத்துப்போக அரசு அனுமதிக்கவில்லை. அதிகாரபூர்வ விகிதத்தில் டாலர் கொடு என்று ஒராஸ்கோம் கேட்டால் அரசு நஷ்டப்படும். சந்தை விகிதத்தில் கொடு என்றால் அரசின் விகிதம் பொய் என்று ஒப்புக்கொண்டதாகும். பேச்சுவார்த்தை நகரவே இடமில்லை.

இதற்கிடையே காங்சோங் என்ற பெயரில் அரசுக்கே முழுச் சொந்தமான போட்டி நிறுவனம் எழுந்தது. இரண்டையும் இணைக்கலாம் என்ற யோசனை வந்தபோது, இணைந்த நிறுவனத்தின் பிடி யாரிடம் இருக்கும் என்பதில் பியோங்யாங்குக்கு ஐயமே இல்லை. 2015 நவம்பரில், கொரியோலிங்க் மீது தனக்கு இருந்த கட்டுப்பாடு போய்விட்டதாக ஒராஸ்கோம் அறிவித்து, அதைத் துணை நிறுவனம் என்ற நிலையிலிருந்து கணக்கில் நீக்கியது. 75 சதவீதப் பங்கு காகிதத்தில் இருந்தது. 2016இல் அமெரிக்கத் தடைகளுக்குப் பின் ஒராஸ்கோம் பியோங்யாங்கில் நடத்திய ஓராபேங்க் வங்கியும் மூடப்பட்டது. 2017 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை வடகொரியாவுடனான கூட்டு நிறுவனங்களைக் கலைக்கச் சொன்னபோது, பொதுப் பயன்பாட்டு உள்கட்டமைப்பு என்ற அடிப்படையில் கொரியோலிங்குக்கு விலக்கு கேட்டுப் பெற்றார்கள்.

சவிரிஸ் ஏமாந்துவிட்டார் என்று மட்டும் இதைப் படிப்பது போதாது. அவர் கட்டிய நெட்வொர்க்கில் எண் வெளியே போகாது, கோப்பு வெளியே போகாது, செய்தி வெளியே போகாது. இவற்றையெல்லாம் அவருடைய நிறுவனம் ஒப்பந்தத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. லாபம் மட்டும் வெளியே போகும் என்று எதிர்பார்த்ததை நான் ஒரு பெரும் தவறாகக் கருதுகிறேன்; பண அளவில் மட்டுமல்ல, அறத்திலும்.

எல்லைக் கோபுரங்கள்

கொரியோலிங்கோடு சேராத இன்னொரு செல்பேசி வடகொரியாவில் 2000களின் தொடக்கம் முதல் இருந்து வருகிறது. யாலு, டுமென் ஆறுகளின் மறுகரையில் சீனக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றின் அலை ஆற்றைத் தாண்டிச் சில கிலோமீட்டர் உள்ளே விழுகிறது. சினுயிஜு, ஹேசான், முசான், ஹோர்யோங் ஆகிய எல்லை நகரங்களில் கடத்தி வந்த சீனச் செல்பேசியில் சீன சிம் போட்டால் உலகம் முழுவதையும் அழைக்கலாம். பிடிபட்டால் சிறை, உழைப்பு முகாம், அல்லது அதைவிடக் கொடியது.

2016இல் மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி இன்டர்நேஷனல் வெளியிட்ட அறிக்கையில் இந்த அழைப்புகளின் நடைமுறை விரிவாக இருக்கிறது. அலை நன்றாகக் கிடைக்கும், கண்டறியும் கருவிகள் எளிதில் எட்டாத மலைப்பகுதிக்கு ஏறிப் போகிறார்கள். பேசும் நேரத்தைத் தவிர மற்ற நேரங்களில் கருவியை அணைத்து ஒளித்து வைக்கிறார்கள். பெயர் சொல்வதில்லை, ஊர் சொல்வதில்லை. சில நிமிடங்களில் முடித்துக்கொள்கிறார்கள். கண்காணிப்புப் பிரிவினர் கையில் ஏந்தும் அலைகண்டறியும் கருவிகளோடு சுற்றுகிறார்கள்; எல்லையோரத்தில் அலைத் தடுப்பான்களும் நிறுவப்பட்டன.

அறுபது லட்சம் பேர் வரை சட்டப்படி செல்பேசி வைத்திருப்பதாக மதிப்பிடப்படும் நாட்டில் இந்த ஆபத்தை ஏன் ஒருவர் ஏற்க வேண்டும்? கொரியோலிங்கின் சிம் சியோலில் இருக்கும் மகளை அழைக்காது என்பதால்தான். தப்பிச் சென்று தென்கொரியாவில் குடியேறியோர் முப்பதாயிரத்துக்கு மேல். அவர்களில் பலர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். சீனாவிலுள்ள கணக்கில் பணம் விழும். எல்லை நகரத் தரகர் தன் கையிருப்பிலிருந்து குடும்பத்துக்குக் கொடுப்பார். கொடுத்ததற்குச் சாட்சி, குடும்பத்தார் ஒருவர் செல்பேசியில் பேசி, கைக்கு வந்தது என்று சொல்வதுதான்.

குடும்பம் எல்லையில் இல்லாமல் உள்நாட்டு நகரத்தில் இருந்தால்? தரகர் இரண்டு செல்பேசிகளை எடுக்கிறார். சீனச் செல்பேசியில் சியோலை அழைக்கிறார். கொரியோலிங்க் செல்பேசியில் உள்நாட்டு நகரத்தில் இருக்கும் தாயை அழைக்கிறார். ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து, இதன் ஒலிவாங்கி அதன் ஒலிபெருக்கியில் படும்படி சேர்த்துப் பிடிக்கிறார். தாயும் மகளும் பேசிக்கொள்கிறார்கள். பொறியாளர்களும் பாதுகாப்பு அதிகாரிகளும் உட்கார்ந்து வகுத்த வேலியில், இரண்டு கருவிகளும் ஒரு கையும் கொண்டு திறந்த வழி அது. சட்டப்படியான நெட்வொர்க் இல்லாமல் அதுவும் நடந்திருக்காது. உள்நாட்டுப் பாதியைச் சுமந்து சென்றது கொரியோலிங்க்தான்.

2020 ஜனவரியில் கொரோனாவைக் காரணம் காட்டி எல்லை மூடப்பட்டது. வேலிகள் உயர்த்தப்பட்டன, காவலர்களுக்குச் சுட ஆணை கொடுக்கப்பட்டது. அந்த டிசம்பரில் வந்த பிற்போக்குக் கலாசார எதிர்ப்புச் சட்டம் வெளிநாட்டுக் காணொளிகளைப் பரப்புவோருக்கு மரண தண்டனை வரை வைத்தது. தென்கொரியாவுக்கு 2019இல் 1,047 பேர் வந்து சேர்ந்தார்கள். 2021இல் 63 பேர். எல்லைச் செல்பேசிகளைத் தேடும் வேட்டை தீவிரமானது, தரகர்கள் பலர் பிடிபட்டார்கள். அனுப்பும் பணத்தில் வழக்கமாக 30 சதவீதத்தைத் தரகாக எடுத்தவர்கள் அதைப் பாதிவரை உயர்த்திவிட்டதாகப் பின்னர் செய்திகள் வந்தன. சியோலிலிருந்து மகள் அனுப்பும் பத்து லட்சம் தென்கொரிய வோனில் தாயின் கைக்கு இப்போது ஐந்து லட்சம் வந்தாலே பெரிது. ஆனாலும் அனுப்புகிறார்கள்.